இளவயது மரணங்கள் 40 சதவீதம் உயர்ந்தன என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

தலவாக்கலைச் செயலாளர் (2022 ஜனவரி)

அனைவருக்கும் வணக்கம். எமது தோட்டத்தையும் பக்கத்து டிவிஷன்களையும் சேர்த்து இயங்கும் மரணாதாரச் சங்கத்தின் (சந்தா சேர்த்து, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவும் சங்கம்) கணக்குப் புத்தகத்தை நான் எழுதி வருகின்றேன். இருபது முதல் முப்பத்தொன்பது வயது வரையிலான உறுப்பினர்கள் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களில் ஆண்டுக்கு ஒருவர் இறப்பது வழமை. எவருமே இறக்காத ஆண்டுகளும் உண்டு. 2021 இல் மூவர் இறந்துவிட்டனர்.

இந்நிலையில் எல்லோருடைய தொலைபேசியிலும் "இளைஞர் மரணங்கள் 40 சதவீதம் உயர்ந்தன" என்று ஒரு செய்தி சுற்றுகின்றது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் தலைவர், 2021 இன் மூன்றாம் காலாண்டில் உழைக்கும் வயதினரின் மரணங்கள் கொவிட் தொற்றுக்கு முந்திய அளவைவிட 40 சதவீதம் உயர்ந்தன என்றும், 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பேரழிவுகூட 10 சதவீத உயர்வையே தரும் என்றும், உரிமைக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை கொவிட் மரணங்களாக வகைப்படுத்தப்படவில்லை என்றும் கூறியிருக்கின்றார். "அங்கே 40 சதவீதம், இங்கே மூன்று மடங்கு, எல்லாம் ஊசியால்தான்" என்று சொல்லி, லயத்துப் பிள்ளைகள் பலர் மூன்றாவது கொவிட் தடுப்பூசிக்குப் போக மறுக்கின்றார்கள். சந்தாவை உயர்த்த வேண்டும் என்றும் சிலர் கேட்கின்றார்கள். நான் என்ன பதில் சொல்வது?

பண்டாரவளைக் கணித ஆசிரியர்

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். அந்தச் செய்தி பொய்யன்று. பொய்யாக இருந்திருந்தால் மறுப்பது இலகுவாக இருந்திருக்கும். ஆனால் அந்த 40 சதவீதம் 18 முதல் 64 வயது வரையிலானோருக்கு உரியது. அதை "இளைஞர்" என்று மாற்றி அனுப்பியவர், ஓய்வு பெற்ற கங்காணியையும் நேற்றுப் பெயர் பதிந்த பையனையும் ஒரே கூடையில் போட்டு நிறுத்திருக்கின்றார். அமெரிக்காவில் 2019 இல் ஓர் இலட்சம் பேருக்கு 25–34 வயதினரில் 129 பேரும் 55–64 வயதினரில் 883 பேரும் இறந்தனர்; எனவே அந்தக் கூடையின் பாரத்தில் பெரும்பகுதி மூத்தவர்களுடையது.

இனி 2020 ஐப் பாருங்கள். 25–34 வயதினரின் வீதம் 129 இலிருந்து 160 ஆக, அதாவது ஏறத்தாழ 24 சதவீதம் உயர்ந்தது. 75–84 வயதினரின் வீதம் 4,308 இலிருந்து 4,997 ஆக, 16 சதவீதமே உயர்ந்தது. சதவீதத்தை மட்டும் வாசிப்பவருக்கு அது இளைஞர்களைத் தேடிவந்த நோய் போலத் தோன்றும். ஆட்களை எண்ணினால், இலட்சத்துக்கு இளையவர்களில் 31 பேரும் முதியவர்களில் 689 பேரும் மேலதிகமாக இறந்தனர். அடித்தளம் சிறிதாக இருக்கும்போது சிறிய கூட்டலும் பெரிய சதவீதமாகிவிடுகின்றது. அமெரிக்காவில் தடுப்பூசி ஏற்றுவது 2020 டிசம்பர் 14 இலேயே ஆரம்பமானது என்பதால், அந்த ஆண்டின் உயர்வுக்கு ஊசியைக் காரணமாக்க முடியாது. கொவிட்டுடன் அங்கே போதைப்பொருள் மரணங்களும் பெருகின. 2021 ஏப்ரலுடன் முடிந்த 12 மாதங்களில் அவை ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

2021 இன் அந்த மூன்றாம் காலாண்டு, கொவிட்டின் டெல்டா வகை பரவிய காலம். முதியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஊசி பெற்றிருந்தனர். ஊசி பெறாமல் வேலைக்குப் போய்வந்தவர்களில் இளையவர்களே அதிகம். சில இளைஞர்களுக்கு ஊசிக்குப் பின்னர் இதயத் தசை அழற்சி ஏற்பட்டது உண்மை; அது அரிது, பெரும்பாலோர் குணமடைந்தனர். ஊசியைச் சந்தேகிப்பவர், ஒரே வயதில் ஊசி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பிரித்துக் காட்டும் கணக்கையே கேட்க வேண்டும்.

உங்கள் மூவரைப் பற்றி: ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மரணம் நிகழும் இடத்தில், புதிய காரணம் எதுவும் இல்லாமலே மூன்றோ அதற்கு மேலோ நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டு. உங்களுடையதைப் போன்ற பன்னிரண்டு சங்கங்கள் இருந்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒன்றில் அது நிகழும். அந்தச் செயலாளர் மட்டும் இங்கே வந்து கேட்பார். மற்றப் பதினொருவரும் கேட்கமாட்டார்கள்.

பதுளையில் ஓய்வுபெற்ற பதிவு எழுதுநர்

ஆசிரியரின் கணக்கை ஏற்கின்றேன். ஆனால் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதிவாகின்றது. தலவாக்கலைப் பிள்ளை கண்டி வைத்தியசாலையில் இறந்தால் அது கண்டிப் பதிவேட்டில்தான் ஏறும். வீட்டில் இறந்தால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையைக் கொண்டு எழுதுவோம். காரணம் என்ற இடத்தில் வீட்டார் சொன்ன "நெஞ்சுவலி" அல்லது "காய்ச்சல்" பல தடவை அப்படியே நின்றுவிடும். இலங்கையில் 2020 இல் பதிவான மரணங்கள் 2019 ஐவிடக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். 2021 ஐ 2020 உடன் மட்டும் ஒப்பிடுபவருக்கு எந்த உயர்வும் பெரிதாகவே தெரியும். கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் பிள்ளைகள் முடக்கத்தின்போது திரும்பி வந்ததால், தோட்டங்களில் இருந்த இளைஞர் தொகையும் மாறிவிட்டது. வகுக்கும் எண் அசையும்போது வீதமும் அசையும்.

நுவரெலியா வாசகி

ஆகஸ்டில் என் தம்பி போனான். வயது இருபத்தேழு. "நூற்றுக்கு எட்டு" என்று வாசித்தபோது கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். ஆசிரியர் ஐயா, 31 பேரையும் 689 பேரையும் ஒரே தராசில் வைப்பது சரியா? என் தம்பிக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

பண்டாரவளைக் கணித ஆசிரியர்

சகோதரி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி, நான் விட்டுவிட்டேன். இழந்த ஆண்டுகளைத் தோராயமாக எண்ணினால், 31 பேருக்கு ஆளுக்கு ஐம்பது ஆண்டுகள் என்று 1,550. 689 பேருக்கு ஆளுக்குப் பத்து ஆண்டுகள் என்று 6,890. 22 மடங்காக இருந்த இடைவெளி ஏறத்தாழ நான்கரை மடங்காகச் சுருங்குகின்றது. வாய்ப்புக் கணக்கு ஒரு தொகைக்கு உரியது. உங்கள் தம்பி ஏன் இறந்தார் என்பதற்கு அது பதிலாகாது.

தலவாக்கலைச் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. மூன்று வீடுகளுக்கும் நேற்றுப் போய் வந்தேன். ஒருவர் ஹட்டன் வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர். இன்னொருவர் சிறுவயது முதல் இதய வால்வு நோய்க்குக் கிளினிக் போய்வந்தவர். மூன்றாமவர் ஆகஸ்டில் கொவிட் நோயால் வைத்தியசாலையில் இறந்தார். அவர் ஓர் ஊசியும் பெற்றிருக்கவில்லை. சந்தாவை இவ்வாண்டு மாற்றுவதில்லை என்று குழுவிடம் சொல்லப்போகின்றேன். புத்தகத்தில் இதுவரை பெயர், வயது, தொகை மட்டுமே இருந்தன. இறந்த இடம், காரணம், ஊசி பெற்ற திகதி ஆகியவற்றுக்கும் இன்று கோடு போட்டுவிட்டேன்.