கலைச்சொல்: நாய்ஸ் எக்ஸ்போஷர் – "வெளிப்பாடு" சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வாசகசாலைக்காக விமான இரைச்சல் பற்றி ஒரு சிறு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை கிட்டத்தட்டக் கடற்கரையை ஒட்டியே நீள்கிறது. தென்கிழக்கிலிருந்து இறங்கும் விமானம் கரையோர ஊர்களை ஒட்டித்தான் தாழ்ந்து வரும். பூந்துறை, வலியதுறைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பதால் இங்கே பலருக்கும் இது வீட்டு விஷயம்.

நாய்ஸுக்கு இரைச்சல். வரைபடத்தில் ஒரே அளவு இரைச்சல் உள்ள இடங்களை இணைக்கும் கோடான கான்டூருக்குச் சமகோடு. இரண்டிலும் தகராறு இல்லை. மாட்டிக்கொண்டது எக்ஸ்போஷர். வழக்கமாக 'வெளிப்பாடு' என்று போடுகிறார்கள். 'இரைச்சல் வெளிப்பாடு' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். விமானத்திலிருந்து வெளிப்படும் சத்தம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்ததோ காதில் வந்து விழுவதை. மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.

– பாறசாலையிலிருந்து

———

தம்பி, 'இரைச்சல் ஏற்பு' என்று வைக்கலாமே. பெறுபவர் பக்கத்துச் சொல். இல்லாவிட்டால் 'தாக்கம்' என்றே போட்டுவிடுங்கள், யாருக்கும் விளங்கும். இவ்வளவு நுணுக்கம் ஒரு கையேட்டுக்குத் தேவையா?

– களியக்காவிளை டீச்சர்

———

> இவ்வளவு நுணுக்கம் ஒரு கையேட்டுக்குத் தேவையா?

தேவைதான் டீச்சர். இரண்டையும் அளக்கிற விதமே வேறு.

விமானம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதை அதற்கு இரைச்சல் சான்றிதழ் கொடுக்கும்போதே அளந்துவிடுகிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 16ஆம் இணைப்பு அதற்கு மூன்று இடங்களைக் குறித்திருக்கிறது. மேலெழும்பும்போது, ஓட்டம் தொடங்கிய புள்ளியிலிருந்து 6,500 மீட்டர் தள்ளி ஒன்று; ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் ஒன்று; இறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2,000 மீட்டர் முன்னால் ஒன்று. கடைசி இடத்தில் விமானம் 3 பாகைச் சரிவில் சுமார் 120 மீட்டர் உயரத்தில் இருக்கும். இதில் தேறிய விமானம் எந்த ஊருக்குப் போனாலும் தேறிய விமானம்தான்.

ஒரு வீட்டுக்காரருக்கு அந்தச் சான்றிதழால் என்ன புரியும்? அவர் வீட்டுக்கு மேலே ஒரு நாளில் எத்தனை விமானம், எந்த நேரத்தில், எவ்வளவு தாழ்வாக என்பதுதான் அவர் கணக்கு. அதை இப்படிப் போடுகிறார்கள். ஒரு விமானம் கடந்துபோகும்போது அந்த இடத்தில் சேரும் ஒலியாற்றல் முழுவதையும் ஒரே விநாடிக்குள் அடைத்தால் எவ்வளவு டெசிபெல் வரும் என்று பார்ப்பார்கள். அது 90 என்று வைத்துக்கொள்வோம். நாளின் 86,400 விநாடிகளுக்கும் அதைப் பரப்பினால் 49.4 குறைந்து, சராசரி சுமார் 41 ஆகிவிடும். அதே மாதிரி நூறு விமானம் வந்தால் சுமார் 61. நூறு மடங்குக்கு 20 டெசிபெல்தான் கூடுகிறது, மடக்கைக் கணக்கு அப்படி. 'சராசரி கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்று அதிகாரிகள் சொன்னால் ஊர்க்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் பகல்–இரவுச் சராசரி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 7 வரை வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் 10 டெசிபெல் கூட்டுவார்கள். அதாவது இரவில் ஒன்று பகலில் பத்துக்குச் சமம். ஐரோப்பாவில் மாலைக்கும் 5 கூடும். விமான நிலைய இரைச்சல் பற்றிய நம் நாட்டு 2018 விதியில் இப்படிக் கூட்டல் கிடையாது, பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி வரம்பு.

நம்மூர் உதாரணமே இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்துகிறார்கள். அந்த நேரத்து விமானங்களைக் காலைக்கு மாற்றினால் ஒரு கணக்கு, இரவு 10 மணிக்கு மேல் தள்ளினால் வேறு கணக்கு. விமானமும் அதேதான், அது போடும் சத்தமும் அதேதான். ஆனால் வீட்டில் விழுவது மாறிவிடுகிறது. 'வெளிப்பாடு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

'ஏற்பு' எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒரு மனுவில் 'மக்களின் இரைச்சல் ஏற்பு 65' என்று வந்தால், நாம் ஏற்றுக்கொண்டோம் என்றே படிப்பார்கள். 'தாக்கம்' என்பது தூக்கம் கெடுவது, ரத்த அழுத்தம் கூடுவது போன்றவற்றுக்கு. அது அடுத்த கட்டம்.

என் யோசனை: இரைச்சல்பாடு. வெயில் படுகிறது, காற்று படுகிறது என்கிறோம் இல்லையா, அந்தப் 'படு'தான். வினையாகவும் வளையும்: 'இந்தத் தெருவில் எவ்வளவு இரைச்சல் படுகிறது?'

– பாறசாலையிலிருந்து

———

படுவது என்பது நன்றாக இருக்கிறது. இரண்டு சங்கடம். 'பாடு' என்றாலே கஷ்டம். 'என் பாடு எனக்கு' என்போம். 35 டெசிபெல் படுகிற இடத்துக்கும் இதே சொல்தானே? இன்னொன்று, வேற்றுமை ஏறினால் 'இரைச்சல்பாட்டு வரைபடம்' ஆகிவிடும். பிள்ளைகள் சிரிக்கும்!

– களியக்காவிளை டீச்சர்

———

டீச்சர், கொல்லங்கோடு, நீரோடிப் பக்கம் 'இன்னிக்கு மீன்பாடு எப்படி?' என்று கேட்பார்கள். வலையில் பட்டது எவ்வளவு என்று அர்த்தம். நிறையப் பட்டால் சந்தோஷம், கஷ்டம் எங்கே வந்தது? ஈடுபாடு, செயல்பாடு என்று நடுநிலையான பாடுகளும் ஏராளம். பாட்டு விஷயத்துக்கு, 'கட்டுப்பாட்டு அறை' என்று பேருந்து நிலையத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கே யாரும் பாட்டு எதிர்பார்ப்பதில்லை.

இலக்கணப்படி 'இரைச்சற்பாடு' என்று யாராவது திருத்துவார்கள். படிக்கிறவர் நாக்கை நினைத்து 'ல்' இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. 2001இல் அதே சர்வதேச நிறுவனம் சமநிலை அணுகுமுறை என்று நான்கு வழிகளை வகுத்தது: விமானத்தின் சத்தத்தையே குறைப்பது, சுற்றியுள்ள நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, கடைசியாகக் கட்டுப்பாடுகள். முதல் வழி வெளிப்பாட்டை, அதாவது விமானம் போடும் சத்தத்தை, குறைக்கிறது. நிலத் திட்டமிடலால் வெளிப்பாடு ஒரு டெசிபெல்கூடக் குறையாது. சமகோட்டுக்குள் புதிதாகப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வராமல் பார்த்துக்கொள்வதால் இரைச்சல்பாட்டுக்கு உள்ளாகிறவர்கள்தான் குறைவார்கள். இரண்டு சொல்லும் கையில் இருந்தால் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

– பாறசாலையிலிருந்து

———

மீன்பாட்டுக்கு அப்புறம் நான் என்ன சொல்ல! சரி, இரைச்சல்பாடு. விமானம் போடும் சத்தத்துக்கு, அதாவது எமிஷனுக்கு, 'வெளிப்பாடு' வேண்டாம், பழைய குழப்பம் ஒட்டிக்கொண்டு வரும். 'உமிழ்வு' என்று வையுங்கள். புகைக்கு ஏற்கெனவே அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

– களியக்காவிளை டீச்சர்

———

உமிழ்வு, இரைச்சல்பாடு, தாக்கம். மூன்றையும் அட்டவணையில் ஏற்றிவிட்டேன். ரெஸ்பைட் பாக்கி இருக்கிறது. லண்டன் ஹீத்ரோவில் மேற்கு நோக்கிய இயக்கத்தின்போது பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றி, ஒரு பக்கத்து ஊர்களுக்கு அரை நாள் அமைதி கொடுக்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். 'ஓய்வு' என்றால் ஓய்வது விமானமா ஆளா என்று கேட்பார்கள். புது இழையில் போடுகிறேன்.

– பாறசாலையிலிருந்து