15 ஐபிஎஸ் (நொடிக்கு 15 அங்குலம்) டேப் டெக்கில் பியானோ சுருதி அலைகிறது, அடுத்து எதைக் கழற்றுவது?

கால் அங்குல, இரண்டு ட்ராக் ஸ்டுடியோ டெக், 1980-களின் தயாரிப்பு. இரண்டு மைக்கிலிருந்து நேராக டேப்புக்கு, நடுவில் டிஜிட்டலே கிடையாது. பிப்ரவரியிலிருந்து பியானோவின் நீண்ட சுரங்கள் அடங்கும்போது சுருதி மெல்ல ஆடுகிறது. டிரம்ஸ், பேஸில் தெரியவில்லை. மெதுவான ஜாஸ் பாலட்டைக் கேட்கவே முடியவில்லை.

3 கிலோஹெர்ட்ஸ் அலைன்மென்ட் டேப்பிலும் (டெக்கைச் சரிபார்க்க, நிலையான சுருதி பதிந்து வரும் டேப்) அதே கதை, ஆகவே ரெக்கார்டிங் பக்கம் காரணமில்லை. ஆட்டம் நொடிக்கு 3 முறை. ரீல் நிரம்பியிருந்தாலும் தீர்ந்தாலும் மாறாததால் ரீல், ஹப் மேல் சந்தேகமில்லை. 7.5-இல் ஓட்டினால் 1.5 ஆகிறது. 15 ஐபிஎஸ்-இல் நொடிக்கு ஓடும் 38.1 செ.மீ-யை 3-ஆல் வகுத்தால் சுற்றளவு 12.7, விட்டம் சுமார் 40 மி.மீ. பின்ச் ரோலர் (டேப்பை ஓட்டும் தண்டான கேப்ஸ்டன்மேல் டேப்பை அழுத்தும் ரப்பர் உருளை) சரியாக அந்த அளவுதான்!

அதைப் புதிதாக மாற்றியாயிற்று. கேப்ஸ்டனை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன், அழுத்தமும் டேப் டென்ஷனும் மேனுவல்படி வைத்தேன். ஆட்டம் துளியும் குறையவில்லை. சப்ளை பக்க டென்ஷன் ரோலரும் ஏறக்குறைய 40 மி.மீ, கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, பேரிங்கில் சொரசொரப்பு இல்லை.

அந்த ரோலரின் பேரிங்கை முதலில் மாற்றுவதா, பின்ச் ரோலர் கையின் அச்சு சாய்வைப் பார்ப்பதா?