எஸ்பிரெஸ்ஸோ புளிக்கிறது, நாக்கையும் இழுக்கிறது: கொட்டையா, அரைப்பா, மெஷினா?

கோவை_காப்பி

வணக்கம். என்னிடம் இருப்பது 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (தூள் போட்டுப் பூட்டும் கைப்பிடி) உள்ள சின்ன தெர்மோபிளாக் மெஷின் (தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் வகை). கூட வந்த இரட்டைச்சுவர் பாஸ்கெட்டை (தூள் நிற்கும் துளைக் கிண்ணம்) எடுத்துவிட்டு ஒற்றைச்சுவர் பாஸ்கெட் போட்டிருக்கிறேன். கையால் சுற்றும் கிரைண்டர், கிளிக்குக்கு 16 மைக்ரான். 0.1 கிராம் காட்டும் தராசு உண்டு. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) 25.

மூன்று கொட்டைகளை ஒப்பிட்டுக் குடித்துப் பார்க்க ஆசை. சிக்மகளூர் எஸ்.795 (வாஷ்டு, அதாவது பழத்தோல் நீக்கிக் கழுவியது; நடுத்தர வறுவல்), பாபாபுடன்கிரி நேச்சுரல் (பழத்தோலோடு காயவைத்தது; இளம் வறுவல்), மான்சூன்டு மலபார் ஏஏ (கொஞ்சம் கருத்த வறுவல்). மூன்றுக்கும் ஒரே கணக்குதான் வைத்தேன்: 18 கிராம் தூள், 40 கிளிக், கோப்பையில் 36 மில்லி கோடு வரும்வரை.

எஸ்.795 பதினான்கே நொடியில் ஓடிவிடுகிறது. முதல் வாய் புளிப்பு, விழுங்கியதும் நாக்கை இழுக்கிறது. நேச்சுரல் இன்னும் கடும்புளிப்பு. மலபாரில் க்ரீமா (மேலே நிற்கும் நுரை) பொங்குகிறது, ஆனால் குடித்தால் சப்பென்று இருக்கிறது; போர்ட்டாஃபில்டரைப் பூட்டுவதற்கே கை வலிக்கிறது. வறுத்த தேதியிலிருந்து மூன்றுக்கும் 4 நாள்தான் ஆகிறது.

வீட்டில் 80:20 சிக்கரி கலந்த ஃபில்டர் தூளும் நிறைய இருக்கிறது. அதை இந்த மெஷினில் போடலாமா?

பதினெட்டுகிராம்

சார், முதலில் அந்த 18 கிராமை விடுங்கள். அது 58 மி.மீ. பாஸ்கெட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு. 51-இல் சாதாரண டபுள் பாஸ்கெட் 14 முதல் 16 கிராம்தான் தாங்கும். பூட்டக் கை வலிக்கிறது என்றீர்களே, தூள் மேலே உள்ள ஷவர் ஸ்கிரீனில் (தண்ணீர் இறங்கும் சல்லடை) போய் முட்டுகிறது என்று அர்த்தம். பூட்டும்போதே அழுத்திய தூளில் விரிசல் விழுந்துவிடும். நனைந்ததும் உப்ப இடம் இருக்காது. தண்ணீர் ஓரமாக ஒரு சந்து கண்டுபிடித்து ஓடிவிடும். இதுதான் சேனலிங். தூள் அதிகம் போட்டும் 14 நொடியில் ஓடியதற்கு இதுதான் முதல் காரணம்.

உங்கள் பாஸ்கெட்டுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு ரூபாய்க் காசு போதும். காசைக் கழுவித் துடைத்து, அழுத்திய தூளின் மேல் நடுவில் வையுங்கள். பூட்டுங்கள், தண்ணீர் விடாமல் கழற்றுங்கள். காசு தூளுக்குள் பதிந்திருந்தால் அளவு அதிகம். காசின் கனம் சுமார் ஒன்றரை மி.மீ.; குறைந்தபட்சம் அவ்வளவு இடைவெளி மேலே வேண்டும். அரை அரை கிராமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் 15 பக்கம் வந்து நிற்கும். இதைக் கொட்டைக்குக் கொட்டை தனியாகப் பார்க்க வேண்டும். மான்சூன்டு மலபார் உப்பிய கொட்டை, அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். அதற்கு 14 கூடப் போதும்.

இரண்டாவது, மில்லி கோட்டை மறந்துவிட்டு எடையில் அளவிடுங்கள். க்ரீமா என்பது வாயுக் குமிழி. நான்கே நாள் ஆன கொட்டையில் கரியமில வாயு ஏராளம், 36 மில்லி கோடு வந்தபோது உள்ளே திரவம் அதைவிட நிறையக் குறைவாக இருந்திருக்கும். தராசைக் கோப்பைக்கு அடியில் வைத்து, 15 கிராம் தூளுக்கு 30 கிராம் காப்பி வந்ததும் நிறுத்துங்கள். பம்ப் போட்ட கணத்திலிருந்து 25–30 நொடி. ஸ்விட்சை அணைத்த பிறகும் 2–3 கிராம் சொட்டும், அதனால் 27 கிராமிலேயே அணைத்துவிட வேண்டும்.

அரைப்பு: அளவைக் குறைத்தால் ஓட்டம் இன்னும் வேகமாகும். 40 கிளிக்கிலிருந்து 34-க்கு வாருங்கள் (எண் குறைந்தால் நைசு). அங்கிருந்து ஒவ்வொரு கிளிக்காக. ஒரு ஷாட்டில் (ஒரு முறை இறக்கும் காப்பியில்) ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பையும் அளவையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நைசாகவும் போக வேண்டாம். பெட்டியில் 15 பார் என்று போட்டிருப்பது பம்பின் உச்ச அழுத்தம், நமக்கு வேண்டியது 9 பக்கம். பல சின்ன மெஷின்களில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வைத் திருப்ப வழியில்லை. தூள் அடைக்க அடைக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போய், தூளைப் பிளந்துவிடும்.

அழுத்துவதற்கு முன், அக்குபஞ்சர் ஊசி (0.3–0.4 மி.மீ.) நாலைந்தை ஒரு கார்க்கில் குத்தி, அடிவரை விட்டுக் கிளறுங்கள். முதலில் அடித்தட்டு, பிறகு மேல். கட்டி ஒன்று கூட மிஞ்சக் கூடாது. டேம்பர் (தூளை அழுத்தும் கருவி) சமமாக இறங்குவது முக்கியம். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை, தூள் இனி இறங்காது என்று கைக்குத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

அடியில்லாத போர்ட்டாஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழுது கண்ணுக்கே தெரியும். ஷாட் சரியாக இருந்தால் பாஸ்கெட்டின் அடியெங்கும் கருஞ்சொட்டுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துளிர்க்கும். அவை நடுவே சேர்ந்து தேன்போல ஒற்றைக் கம்பியாக இறங்கும், வரிவரியாகப் புலித்தோல் நிறம் காட்டும். சேனலிங் இருந்தால் பத்து நொடிக்குள் ஓரிடத்தில் மட்டும் வெளிறிய மஞ்சள் கோடு விழும், அல்லது ஊசிபோலப் பக்கவாட்டில் பீய்ச்சும்.

தெர்மோபிளாக்கில் விளக்கு எரிந்தாலும் போர்ட்டாஃபில்டர் குளிர்ந்தே இருக்கும். தூளில்லாமல் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 60 மில்லி, அதன் வழியாகச் சுடுதண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு ஷாட் போடுங்கள். குளிர்ந்த உலோகமே புளிப்பைக் கொண்டுவந்துவிடும்.

ஏற்காட்டுக்கொட்டை

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் சுவைப் பக்கம் சொல்கிறேன்.

நீங்கள் "நாக்கை இழுக்கிறது" என்று தனியாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று. புளிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றையும் பிரித்தறிந்தாலே பாதிப் பழுது பிடிபடும். எலுமிச்சை, பச்சை மாங்காய் மாதிரி நாக்கு கூசினால் புளிப்பு. சாறு போதிய அளவு இறங்கவில்லை. பாகற்காய் மாதிரி நாக்கில் தங்கினால் கசப்பு. அதிகம் இறங்கிவிட்டது, அல்லது வறுவலே கருகல். வாழைப்பூ, கடுக்காய் கடித்ததுபோல வாய் வறண்டு இழுத்தால் துவர்ப்பு. புளிப்பும் துவர்ப்பும் ஒரே கோப்பையில் சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக சேனலிங்தான். தண்ணீர் ஓடிய வழியில் தூள் சக்கையாகிவிட்டது, மற்ற இடம் நனைந்ததோடு சரி. இதற்குக் கொட்டையைக் குறை சொல்ல முடியாது.

கொட்டையின் குணம் தெரிய வேண்டுமானால் முதலில் மெஷினை ஒதுக்கி வைத்துவிட்டுக் கப்பிங் (தூளை வெந்நீரில் ஊறவைத்துக் கரண்டியால் சுவைப்பது) செய்யுங்கள். 200 மில்லிக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும் கண்ணாடி டம்ளர் மூன்று, ஒவ்வொன்றிலும் 11 கிராம், உப்புமா ரவை பருமனில் அரைத்தது. தண்ணீர் கொதித்து அடங்கி அரை நிமிடம் கழித்து, டம்ளருக்கு 200 கிராம் ஊற்றுங்கள். கிளறாமல் 4 நிமிடம் விடுங்கள். மேலே ஏடு மாதிரி தூள் மிதக்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், கரண்டியின் முதுகால் மூன்று முறை விலக்குங்கள். அந்த நொடி எழும் ஆவியில்தான் வாசம் முழுதாக இருக்கும், தவற விடாதீர்கள். நுரையை வழித்தெடுத்துவிட்டு, 10–12 நிமிடம் ஆனதும் கரண்டியில் எடுத்துச் சத்தம் வரும்படி உறிஞ்சுங்கள். 20 நிமிடத்தில் ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை. டம்ளர் மாறும்போது கரண்டியைக் கழுவுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

இப்போது தீர்ப்பு சுலபம். கப்பிங்கில் இனிப்பாக இருந்து ஷாட்டில் புளித்தால் பிழை மெஷின் பக்கம். கப்பிங்கிலேயே பச்சை வேர்க்கடலை, புல் வாசம் அடித்தால் வறுவல் உள்ளே வேகவில்லை. அதை எந்த அரைப்பும் காப்பாற்றாது.

உங்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம், ஒப்பிட நல்ல தேர்வு. எஸ்.795 என்பது எஸ்.288, கென்ட் என்ற இரண்டு அராபிகா ரகங்களைச் சேர்த்து பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். வாஷ்டு என்றால் மிதமான புளிப்பு, கோகோ, லேசாக மசாலா. 1:2 விகிதம் (தூளைப் போல இரு மடங்கு காப்பி) இதற்குப் பொருந்தும், முதலில் இதை வைத்தே மெஷினைச் சரி செய்யுங்கள்.

பாபாபுடன் நேச்சுரலில் பழத்தோலோடு காய்வதால் பழுத்த பலாச்சுளை வாசமும், சில நேரம் புளித்த கள் வாசமும் இருக்கும். இளம் வறுவல் கொட்டை கெட்டி, சாறு இறங்க அடம்பிடிக்கும். இன்னும் 2–3 கிளிக் நைசு, மெஷினில் இருக்கும் உச்ச வெப்பம், 15-க்கு 40 கிராம் வரை இறக்குங்கள். வறுத்து இரண்டு வாரம் ஆன பிறகு தொடுங்கள். நாலு நாளில் இதைப் போட்டால் வாயு தண்ணீரைத் தள்ளிவிடும்.

மான்சூன்டு மலபார் மங்களூர்ப் பக்கக் கடற்கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்று பட விரித்து வைக்கப்படுவது. கொட்டை உப்பி, பச்சை நிறம் போய் வெளிர்மஞ்சள் ஆகும், புளிப்பு வடிந்துவிடும். அதனால் இதில் பழவாசம் தேடாதீர்கள். மண், மரம், மிளகு என்று வரும். சப்பென்று இருந்ததற்குப் பெரும்பாலும் சேனலிங்தான் காரணம். வெப்பத்தைக் குறைத்து, 14-க்கு 25 கிராமில் நிறுத்திப் பாருங்கள். வாயில் கனமாக நிற்கும்.

பித்தளைஃபில்டர்

சிக்கரித் தூள் கேள்விக்கு மட்டும் என் பதில்: ஒற்றைச்சுவர் பாஸ்கெட்டில் போடவே போடாதீர்கள். வறுத்த சிக்கரி காப்பியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும், நனைந்ததும் பாகு மாதிரி ஒட்டும். சூடும் அழுத்தமும் சேர்ந்தால் துளைகளில் அடைத்துக்கொள்ளும், ஷவர் ஸ்கிரீனுக்குப் பின்னாலும் ஏறும். ஃபில்டரில் தண்ணீர் தன் பாரத்தில் இறங்குவதால்தான் அது அங்கே ஒத்துவருகிறது. டிகாக்‌ஷனுக்குக் கனம் கொடுப்பதும் அந்தக் குணம்தான். தூள் வீணாகாமல் இருக்க ஃபில்டரே வழி.

கடையில் பீபெரி (ஒற்றை உருண்டைக் கொட்டை), பிளான்டேஷன் ஏ (வாஷ்டு அராபிகாவில் ஒரு தரம்) கேட்டால் கொட்டையாகவே கொடுப்பார்கள். சிக்கரி இல்லாமல், அரைக்காமல் என்று சொல்லி, வறுத்த நாளையும் கேளுங்கள். எண்ணெய் மின்னும் கருவறுவலாக இருந்தால் கை கிரைண்டரின் பற்களில் ஒட்டும், வாரம் ஒரு முறை பிரஷ் போட வேண்டியிருக்கும். பாலோடு குடிப்பவர்கள் 80 பங்கு அராபிகாவுக்கு 20 பங்கு வாஷ்டு ரொபஸ்டா சேர்த்தால் பாலைத் தாண்டிக் காப்பி தெரியும்.

கோவை_காப்பி

நன்றி. காசுச் சோதனையில் 17-லும் 16-லும் பதிந்தது, 15-இல் பதியவில்லை. ஊசி போட்டுக் கிளறி, 33 கிளிக், 15-க்கு 30 கிராம், 27 நொடி. எஸ்.795-இல் துவர்ப்பு சுத்தமாகப் போய்விட்டது. கோகோ தெரிகிறது. ஆனால் ஒரு கூரான புளிப்பு முதல் வாயில் இன்னும் இருக்கிறது. கப்பிங்கிலும் அதே கூர்மை, மூன்று டம்ளரிலும்.

ஏற்காட்டுக்கொட்டை

மூன்றிலும் ஒரே கூர்மை என்றால் மூன்றுக்கும் பொதுவானது தண்ணீர்தான். டி.டி.எஸ். 25 ஆர்.ஓ. தண்ணீரில் பைகார்பனேட் மிகக் குறைவு, காப்பியின் அமிலத்தை மட்டுப்படுத்த ஆளில்லை. அதற்காகப் போர்வெல் தண்ணீரைக் கலக்காதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அது சுண்ணாம்பா சோடியம் குளோரைடா என்று சொல்லாது. ஒன்று படிவு கட்டும், மற்றது உலோகத்தை அரிக்கும்.

இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 7 கிராம் ஆப்பசோடா (பேக்கிங் பவுடர் இல்லை). இன்னொன்றில் 1 லிட்டருக்கு 20 கிராம் பேதி உப்பு (எப்சம் சால்ட்), மருந்துக்கடையில் உட்கொள்ளும் தரம் என்று கேட்டு வாங்கியது. உரக்கடைச் சரக்கு கூடாது. குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் லிட்டருக்கு இரண்டிலிருந்தும் 10 மில்லி. பாட்டில்களைத் தனித்தனியாக வையுங்கள், அடர்கரைசல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிய வாய்ப்புண்டு. கால்சியம் சேர்க்காததால் மெஷினில் சுண்ணாம்புப் படிவு பயம் மிகக் குறைவு.

முதலில் கப்பிங்கில் சோதியுங்கள்: ஒரே எஸ்.795, இரண்டு டம்ளர் ஒரே தண்ணீர், ஒன்று மாற்றுத் தண்ணீர். அடியில் ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டில் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது தனி டம்ளர் என்று ஐந்து முறையில் நான்கு முறை பிடித்துவிட்டீர்களானால் வித்தியாசம் உண்மையானது. அதற்குப் பிறகு மெஷினில் அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள்.

பதினெட்டுகிராம்

தண்ணீர் மாற்றியதும் 33 கிளிக்கை அப்படியே வைத்து இரண்டு ஷாட் குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள் சார், உடனே அரைப்பைத் தொட வேண்டாம். மற்ற இரண்டு கொட்டையும் இன்னும் ஒரு வாரமாவது பையிலேயே இருக்கட்டும் (நேச்சுரல், வறுத்து இரண்டு வாரம் ஆகும்வரை), வால்வு உள்ள பை என்றால் மறுபடி திறக்காமல் விடுங்கள். நேச்சுரலுக்கு மாறும்போது கிரைண்டரில் பழைய தூள் கொஞ்சம் தங்கியிருக்கும். புதுக் கொட்டை 3 கிராம் அரைத்துக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.