உதவி: பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ரிலே 'டக்' என்று விழவே மாட்டேன் என்கிறது

திருமங்கலத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா 1983-ல் பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ரிசீவர் இது. சில வருடமாகப் பரணில் கிடந்தது. போன வாரம் இறக்கி, உள்ளே காய்ந்து கிடந்த ஒரு பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டேன். டயல் விளக்கு எரிகிறது. ஸ்டேஷன் திருப்பினால் சிக்னல் முள் ஆடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. முன்பெல்லாம் போட்ட நாலைந்து வினாடியில் உள்ளே ரிலே (ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) 'டக்' என்று விழுவது கேட்கும், அதுவும் இல்லை.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். ரிலேயை மாற்றிவிட்டு 450 ரூபாய் வாங்கினார்கள், அப்புறமும் அதே கதைதான். இப்போது "ரிலேயே வேண்டாம், நேரா ஒயர் போட்டுத் தர்றோம், பாட்டு கேட்கும்" என்கிறார்கள். போடச் சொல்லலாமா? ஸ்பீக்கரும் பெரியப்பா வாங்கியதுதான், அதனால்தான் யோசனை.

மேலூர் மைக்செட்:
போடவே போடாதீங்க தம்பி. அந்த ரிலே ஸ்பீக்கருக்குக் காவல்காரன். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் சப்ளையின் டிசி (ஒரே திசையில் பாயும் கரண்ட்) அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 40 வோல்ட், 8 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 5 ஆம்பியர், 200 வாட். ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) சில வினாடியில் கருகிவிடும். திருவிழாவில் நானே ஒரு தடவை அப்படி வயரைப் போட்டு ஓட்டி, இரண்டு ஸ்பீக்கருக்குத் தண்டம் அழுதவன்.

முதலில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். சீரிஸ் லேம்ப் இருந்தால் 100 வாட் குண்டு பல்பு போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு வெட்டு வெட்டி மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உடனே நிறுத்துங்கள், உள்ளே ஷார்ட். மங்கிவிட்டால் மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ரிலேக்கு முன்னால் இரண்டு சேனலிலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மீட்டரின் கறுப்பு வயரை கிளிப்பால் சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) மாட்டிவிட்டு ஒரே கையால் அளவெடுங்கள். மீட்டர் முனை வழுக்கி இரண்டு காலைச் சேர்த்துத் தொட்டால் நல்ல டிரான்சிஸ்டரும் போய்விடும்.

திருமங்கலத்துக்காரன்:
பல்பு மங்கிவிட்டது அண்ணே. இடது 12 மில்லிவோல்ட், வலது 31. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தும் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். ரிலே காயிலின் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் காட்டுகிறது.

மேலூர் மைக்செட்:
அப்போ ஆம்ப் சுத்தம். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. காயிலின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் என்றால் ஒரு முனையைக் கிரவுண்டுக்கு இழுக்க வேண்டியவன் இழுக்கவில்லை. ரிலே பாவம், அதன்மேல் தப்பே இல்லை. அந்த வேலையைச் செய்ய, பக்கத்தில் ஒரே வரிசையில் எட்டுக் காலோடு ஐசி (சில்லு) இருக்கிறதா?

பழையசெட் பைத்தியம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், மதுரை சிம்மக்கல்லிலிருந்து. யுபிசி1237 என்று எழுதியிருந்தால் வேலை சுலபம். 2-ம் கால் ஸ்பீக்கர் லைனில் டிசி வருகிறதா என்று பார்க்கும். 4-ம் கால் கரண்ட் இருக்கிறதா என்று டிரான்ஸ்பார்மரைக் கேட்கும். 6-ம் கால்தான் ரிலேயை இழுப்பது. 7-ம் கால் அந்த நாலைந்து வினாடித் தாமதம். 5 கிரவுண்ட், 8 சப்ளை. அவசரப்பட்டு ஐசியை மாற்றாதீர்கள், பத்தில் எட்டுச் செட்டில் அது நன்றாகத்தான் இருக்கும்.

4-ம் காலைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் ஏசியை (திசை மாறி மாறிப் பாயும் கரண்ட்டை) ஒரு டையோடு (ஒரே பக்கம் மட்டும் கரண்ட்டை விடும் பாகம்) மைனஸாக மாற்றி அங்கே அனுப்பும். அந்த மைனஸ் வராவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஐசி ரிலேயை இழுக்காது.

திருமங்கலத்துக்காரன்:
அதே நம்பர்தான். 2-ல் சைபர். 4-ல் மைனஸ் இல்லை, பிளஸ் 0.7!

பழையசெட் பைத்தியம்:
பிடிச்சாச்சு. அந்தக் காலிலிருந்து டிரான்ஸ்பார்மர் பக்கமாகப் போங்கள். ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஒரு டையோடு. அங்கே காப்பிக்கொட்டை நிறத்தில் பசை ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

திருமங்கலத்துக்காரன்:
இருக்கிறது. பல்லி எச்சம் என்று நினைத்தேன். பனங்கருப்பட்டி உருகிக் காய்ந்த மாதிரி கெப்பாசிட்டரின் அடியில் அப்பியிருக்கிறது. செட்டை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துச் சுரண்டினேன். உள்ளே டையோடின் கால் பச்சை பூத்துக் கிடந்தது. சாமணத்தால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது!

பழையசெட் பைத்தியம்:
அதேதான். ஆட்டத்தில் கெப்பாசிட்டர் அசையாமலிருக்கக் கம்பெனியில் வைத்த பசை. புதிதில் மஞ்சள், வயதானால் கறுத்துக் கரண்டும் கடத்தும், செம்பையும் தின்னும். அந்தக் காலத்து ஜப்பான் செட் நிறையவற்றில் இதே வியாதி. போர்டு முழுக்க எங்கே இருந்தாலும் சுரண்டி, ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். டையோடுக்கு 1என்4007 போதும், இரண்டு ரூபாய்ப் பொருள். கெப்பாசிட்டரையும் மாற்றுங்கள், ஆனால் அதே மதிப்பில். பெரிசாகப் போட்டால் நல்லது என்று போட்டால், அணைக்கும்போது ரிலே லேட்டாக விட்டு ஸ்பீக்கர் 'தொம்' என்று குதிக்கும்.

திருமங்கலத்துக்காரன்:
டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் வாங்கிவந்து போட்டேன். அப்பவும் டக் இல்லை.

மேலூர் மைக்செட்:
டையோடின் வெள்ளைக்கோடு எந்தப் பக்கம் தம்பி?

திருமங்கலத்துக்காரன்:
ஐசி பக்கம்.

மேலூர் மைக்செட்:
திருப்பிப் போடுங்க. கோடு டிரான்ஸ்பார்மரைப் பார்க்கணும், அப்பத்தான் மைனஸ் வரும்.

திருமங்கலத்துக்காரன்:
டக்!! அண்ணே, ஐந்து எண்ணுவதற்குள் டக். 4-ம் காலில் மைனஸ் வந்துவிட்டது. முதலில் பழைய ஓட்டை ஸ்பீக்கரை மாட்டி, அரை மணி நேரம் கழித்து மறுபடி டிசி அளந்தேன், வலது 28. அப்புறம்தான் பெரியப்பாவின் ஸ்பீக்கரை மாட்டினேன். கொடைக்கானல் எப்எம் 100.5 கணீரென்று விழுகிறது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "இது அவர் செட்டு சத்தம்ல?" என்றார்.

வால்யூம் திருப்பினால் மட்டும் கரகர என்கிறது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.