வேலையிலிருந்து ஆறு மாதம் விடுப்பு: எங்கே போவது?

தூரதேசி கேட்கிறார்:

பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த விடுப்பு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. செப்டம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய ஆறு மாதம், சம்பளம் கிடையாது, திரும்பி வந்தால் அதே வேலை இருக்கும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். தனியாகத்தான் போகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, நாள் முழுக்க நடக்க முடியும், வசதியான அறைதான் வேண்டும் என்றும் இல்லை.

பிரச்சனை என்னவென்றால் பட்டியல் பெரிதாகிக்கொண்டே போகிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியில் படகோனியா, ஸ்பெயினில் காமினோ என்ற யாத்திரை நடைப்பயணம், ஜப்பான், நேபாளம், மங்கோலியா, மத்திய ஆசியாவில் பாமிர் நெடுஞ்சாலை, ஐஸ்லாந்து, நியூசிலாந்து. எல்லாமே கனவு இடங்கள்தான், எதையும் அடிக்க மனம் வரவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் எட்டு இடம் என்றால் விமான நிலையத்தில்தான் வாழ வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. வேலையிலிருந்து நீண்ட இடைவெளி எடுத்துப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள், நீங்கள் என்றால் இதில் எதை வைத்துக்கொள்வீர்கள், எதை விடுவீர்கள்?

வரைபடம்:

முதலில் பருவத்தை வைத்துக் கழித்துப் பாருங்கள், பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். உங்களுக்குக் கிடைத்திருப்பது செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை. வட பாதியில் அது இலையுதிர் காலமும் குளிரும், தென் பாதியில் வசந்தமும் கோடையும். அதனால் ஐஸ்லாந்து போகட்டும், இலையுதிர் காலத்தில் உள்நாட்டு மலைச்சாலைகளைப் பனி வந்து மூடிவிடும், டிசம்பரில் பகல் வெளிச்சமே நாலைந்து மணி நேரம்தான். துருவ ஒளியைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் வேறு விஷயம். மங்கோலியாவும் கோடையில் பார்க்க வேண்டிய இடம். பாமிரில் செப்டம்பர் நல்ல மாதம்தான், ஆனால் அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தாமதமாகப் போனால் குளிர் வாட்டிவிடும்.

மிச்சமிருப்பது ஒன்றன்பின் ஒன்றாக அழகாகப் பொருந்துகிறது. செப்டம்பரில் காமினோ, அக்டோபர் கடைசியிலிருந்து நேபாளம், டிசம்பரிலிருந்து தெற்கே படகோனியா அல்லது நியூசிலாந்து. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் வேண்டாம்.

நேபாளத்தில் மழைக்காலம் செப்டம்பரோடு ஓய்ந்துவிடும், அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அன்னபூர்ணா மலைகளைச் சுற்றிவரும் நடைப்பாதையில் தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். அந்த உயரத்துக்கு அவசரப்பட்டு ஏறக்கூடாது, காற்று மெலிந்திருப்பது உடம்புக்குப் பழக நாளாகும். 3,000 மீட்டரைத் தாண்டியபிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஓய்வு நாள்களும் வேண்டும். சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் மனாங் என்ற ஊரில் பலர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது அதற்காகத்தான். இரண்டு வார விடுமுறையில் வருபவர்கள் இந்த இடத்தில்தான் ஆபத்தான முடிவு எடுக்கிறார்கள், திரும்பும் டிக்கெட் தேதி அவர்களைத் துரத்துகிறது. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. தலைவலி வந்தால் அங்கேயே இன்னும் இரண்டு நாள் இருக்கலாம். நீண்ட விடுப்பின் உண்மையான வசதி இதுதான், எல்லோரும் இதை விட்டுவிட்டு எத்தனை நாடு என்று கணக்குப் போடுகிறார்கள்.

அன்னபூர்ணா பாதையில் இப்போது பல பகுதிகளில் ஜீப் சாலை வந்துவிட்டது. அது பிடிக்காது என்றால் மனாஸ்லு சுற்றைப் பாருங்கள், லார்க்யா லா 5,106 மீட்டர், ஆனால் அதற்குத் தனி அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம்.

நடைவழி:

காமினோவைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், அதையே முதலிலும் வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

வேலையை விட்டு வெளியே வரும்போது மனம் உடனே நிற்காது. காலையில் எழுந்ததும் இன்று என்ன முடிக்க வேண்டும் என்று தேடும். அந்த நிலையில் ஒரு பெரிய நகரத்தில் போய் இறங்கினால் பார்க்க வேண்டிய இடங்களையும் அதே அலுவலகப் பட்டியல் மாதிரி முடிக்கத் தொடங்கிவிடுவோம். காமினோவில் அதற்கு இடமே இல்லை. அதன் பாதைகளில் ஒன்றான பிரெஞ்சு வழி என்பது பிரான்ஸ் எல்லையோரத்தில் இருக்கும் செயின்ட் ஜான் பியே தெ போர் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினின் மேற்கே சந்தியாகோ வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். வழியெல்லாம் மஞ்சள் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் நடக்க வேண்டியது, சாயங்காலம் யாத்திரிகர் விடுதியில் படுக்க வேண்டியது, அவ்வளவுதான். ஒரு நாளில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த ஊரில் நிற்பது என்பது ஒன்றே.

முதல் நாளே பிரனீஸ் மலையைக் கடக்க வேண்டும், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம் போகும், அதுதான் பாதையில் கடினமான நாள்களில் ஒன்று, எனவே அன்று வேகம் காட்டாதீர்கள். அப்புறம் புர்கோஸ் நகரத்துக்கும் லியோன் நகரத்துக்கும் நடுவே மெசேட்டா என்ற சமவெளி வரும். மரநிழல் இல்லாத தானிய வயல்கள், நேர்கோடாகப் போகும் பாதை, அடுத்த ஊரின் கோபுரம் கண்ணில் பட்டபிறகும் மணிக்கணக்கில் நடக்க வேண்டும். பலர் சலிப்பாக இருக்கிறது என்று இந்தப் பகுதியைப் பேருந்தில் தாண்டிவிடுகிறார்கள். நான் சொல்வேன், எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மனதில் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகப் பேச்சு அடங்குவது இங்கேதான். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் இது கொடுமை, செப்டம்பர் கடைசியில் போனால் நன்றாகவே இருக்கும்.

ஐந்து வாரம் ஒதுக்குங்கள். யாத்திரிகர் பாஸ்போர்ட் என்று ஓர் அட்டை தருவார்கள், வழியில் முத்திரை வாங்கிக்கொண்டே போனால் சந்தியாகோவில் சான்றிதழ் கிடைக்கும், அதற்குக் கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். நாள் மிச்சமிருந்தால் அங்கிருந்து ஃபினிஸ்டெரே கடல்முனைவரை நடக்கலாம், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்.

ஜப்பான் உங்கள் பட்டியலில் இருப்பதால் ஷிகோகு தீவையும் சொல்லிவைக்கிறேன். கூகாய் என்ற துறவியோடு தொடர்புள்ள 88 கோவில்களைச் சுற்றிவரும் பாதை, சுமார் 1,200 கிலோமீட்டர். காமினோவைவிடத் தனிமை அதிகம், தார்ச்சாலையில் நடப்பதும் அதிகம். ஆனால் செப்டம்பர் அங்கே புயல் மாதம். அதை வேறொரு வசந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரிடவாசி:

மேலே எழுதியவர்கள் சொன்னது நல்ல திட்டம்தான், ஆனாலும் நான் ஒத்துப்போகவில்லை. நடை, மறுபடி நடை, மறுபடி நடை. ஆறு மாதமும் பையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் நாலாவது மாதத்தில் அழகான மலையைப் பார்த்தும் ஒன்றும் தோன்றாது. பயணத்திலும் களைப்பு உண்டு, அதுவும் தனியாகப் போகிறவருக்குச் சீக்கிரம் வரும், ஏனென்றால் தினமும் புது முகம், புது படுக்கை, எல்லா ஏற்பாடும் ஒரே ஆள் தலையில்.

நடுவில் ஓர் ஊரில் ஒன்றரை மாதமாவது வாடகைக்கு அறை எடுத்து உட்காருங்கள். அங்கே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே கிளம்பத் தோன்றும். படகோனியா போகிறீர்கள் என்றால் எனக்கு உடனே தோன்றுவது மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் ஆன்டிகுவா. அந்த ஊர் ஸ்பானிஷ் பள்ளிகளுக்குப் பேர்போனது, ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று உட்கார்த்திவைத்துச் சொல்லித்தருகிறார்கள். 1,500 மீட்டர் உயரம் என்பதால் வெப்பமும் இல்லை குளிரும் இல்லை. நவம்பரில் மழை நின்று வறண்ட பருவம் தொடங்கிவிடும். அகாடெனாங்கோ எரிமலைமேல் ஓர் இரவு கூடாரம் போட்டால், எதிரே ஃபுவேகோ எரிமலை அடிக்கடி நெருப்பைக் கக்குவதைப் பார்க்கலாம். அங்கே கற்ற ஸ்பானிஷோடு ஜனவரியில் படகோனியா போய் இறங்கிப் பாருங்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேச முடியும். பயணமே வேறாகிவிடும்.

இதற்காக நேபாளத்தை விடச் சொல்வேன். அது ஒரு மாத விடுப்பு கிடைத்தாலும் போகக்கூடிய இடம். இது அப்படி இல்லை.

இன்னொன்று. திட்டமே இல்லாமல் போவேன் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் என்ற வடிவமைப்பாளர் ஏழு வருடத்துக்கு ஒருமுறை தன் ஸ்டூடியோவை ஒரு வருடம் மூடிவிடுவார். முதல் முறை திட்டமில்லாமல் தொடங்கி அது சரிவரவில்லை என்றும், செய்ய நினைத்ததையெல்லாம் எழுதி வார அட்டவணை போட்டபிறகுதான் அந்த வருடம் உருப்பட்டது என்றும் 2009இல் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் பேசியிருக்கிறார். அட்டவணை என்றதும் அலுவலகம் நினைவு வரலாம், ஆனால் நாமே நமக்காகப் போட்டுக்கொள்வது அப்படி உறுத்தாது.

காகிதவேலை:

கனவைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், நிறையப் பயணம் இங்கேதான் நின்றுபோகிறது.

ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், குறுகிய காலம் தங்குபவர்களுக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். நாட்டுக்கு 90 இல்லை, 29 நாடுகளுக்கும் சேர்த்து 90. ஸ்பெயின் முடித்து பிரான்ஸ், இத்தாலி என்று சுற்றினால் ஒரே கணக்கில்தான் ஏறும். 2025 அக்டோபரில் எல்லையில் வருவதையும் போவதையும் மின்னணு முறையில் பதிவதும் தொடங்கிவிட்டது, பாஸ்போர்ட் முத்திரை தெளிவாக இல்லை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. விசா வாங்கிப் போகிறவர்கள் என்றால் ஒட்டப்பட்ட விசாவில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறார்களோ அதுதான் எல்லை, 90 என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், பல தூதரகங்கள் நீங்கள் வசிக்கும் நாட்டில் மட்டுமே விண்ணப்பம் வாங்கும். அதாவது டிசம்பரில் தேவைப்படும் விசாவை நடுவழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்ப முடியாது. பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பாருங்கள், பயணம் முடிந்தும் ஆறு மாதம் மிச்சமிருப்பது நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைச் சில நாடுகள் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், 2016இலிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும், அதனால் ஒருமுறை போட்டால் முடிந்தது.

இன்சூரன்ஸ் பாலிசியில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, ஒரு பயணம் அதிகபட்சம் எத்தனை நாள் என்பது, பல பாலிசிகள் ஆறு மாதத்தை ஏற்பதில்லை. இன்னொன்று, எத்தனை மீட்டர் உயரம்வரை டிரெக்கிங்குக்குப் பாலிசி பொருந்தும் என்பது. ஐயாயிரம் மீட்டருக்குப் போகிறவருக்கு ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அதில் இல்லை என்றால் அந்த பாலிசியால் பயனில்லை.

தூரதேசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. காமினோவை முதலில் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன், மெசேட்டாவையும் நடந்தே கடக்கிறேன். ஓரிடவாசி சொன்ன ஆன்டிகுவா என் பட்டியலிலேயே இல்லாத இடம், நேற்று இரவு முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நேபாளத்தை விடுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன காரணம் நியாயம். கடைசி இரண்டு மாதம் படகோனியாவா நியூசிலாந்தா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. இரண்டிலும் நடந்தவர்கள் யாராவது?

தென்காற்று:

இரண்டிலும் நடந்திருக்கிறேன். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போகிறீர்கள் என்றால் படகோனியாதான், யோசிக்கவே வேண்டாம்.

நியூசிலாந்து சுலபமான நாடு, அதில் தவறொன்றும் இல்லை. டே அராரோவா என்று வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை சுமார் 3,000 கிலோமீட்டர் பாதை 2011இல் திறந்தார்கள், தென்தீவுப் பகுதி மட்டும் நடக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பாலமில்லாத ஆறுகளை இறங்கித்தான் கடக்க வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே காமினோ நடந்துவிட்டு வருபவருக்கு இன்னொரு நீளப்பாதை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

படகோனியாவில் ஒரே பாதை இல்லை, துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். அர்ஜென்டினா பக்கம் எல் சால்டேன் என்ற சின்ன ஊர், பாதைகள் ஊர் எல்லையிலேயே தொடங்குகின்றன. அங்கே தெரியும் ஃபிட்ஸ் ராய் மலை 3,405 மீட்டர்தான், இமயத்தோடு ஒப்பிட்டால் உயரமே இல்லை, ஆனால் அந்தச் செங்குத்துப் பாறையை விடியலில் பார்த்தவர்களுக்கு உயரத்தின் எண் நினைவில் இருக்காது. பாதி நாள் மேகம் மூடியிருக்கும், அதனால் அங்கே பத்து நாள் வைத்துக்கொண்டு வானம் தெளியும் நாளுக்குக் காத்திருங்கள். சிலி பக்கம் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்கா, அங்கே டபிள்யூ எழுத்து வடிவில் போகும் பாதை நாலைந்து நாள், முழுச் சுற்று எட்டு நாள்போல. அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் போட விடமாட்டார்கள், கூடார இடங்களுக்கும் தங்குமிடங்களுக்கும் முன்பதிவு வேண்டும், ஜனவரிக்கு இப்போதே பாருங்கள். காற்று கோடையில்தான் அதிகம், ஆளைத் தள்ளிவிடும் அளவுக்கு அடிக்கும், லேசான கூடாரம் தாங்காது.

மிச்ச நாளைச் சிலியின் கர்ரெத்தேரா ஆஸ்த்ரால் சாலைக்குக் கொடுங்கள். புவேர்ட்டோ மான்ட் நகரத்திலிருந்து தெற்கே வில்லா ஓ'ஹிக்கின்ஸ் வரை சுமார் 1,240 கிலோமீட்டர் சாலை, 1976இல் போடத் தொடங்கியது, இன்றும் பல இடங்களில் சரளைக்கல்தான், நடுவில் படகிலும் ஏற வேண்டும். தெற்கே போகப் போக பேருந்து தினமும் வராது. மூன்று நாள் ஓர் ஊரில் மாட்டிக்கொண்டால் மூன்று நாளும் அங்கேயே ஆற்றங்கரை, காடு என்று திரியலாம். வேலை நாளில் கிடைக்கும் விடுமுறைக்கு இந்தச் சாலை ஒத்துவராது, உங்களுக்குக் கிடைத்திருக்கும் விடுப்புக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

திரும்பி வரும் டிக்கெட்டை மட்டும் பிப்ரவரி கடைசி நாளுக்குப் போடாதீர்கள். பத்து நாளாவது முன்னால் வாருங்கள், அந்தச் சாலையில் ஒரு பேருந்து தவறினால் அடுத்தது இரண்டு நாள் கழித்து வரும்.

தூரதேசி:

சரி, படகோனியாதான். டோரஸ் டெல் பைனே முன்பதிவு இன்றே பார்க்கிறேன். காமினோவுக்கும் படகோனியாவுக்கும் ஒரே ஜோடி காலணி போதுமா?

நடைவழி:

போதாது. காமினோவுக்கு லேசான நடைக்காலணி போதும், அரை அளவு பெரிதாக வாங்குங்கள், நடந்து நடந்து கால் வீங்கும். 780 கிலோமீட்டர் முடிவதற்குள் அதன் அடிப்பாகம் நன்றாகவே தேய்ந்திருக்கும். படகோனியாவுக்குத் தண்ணீர் புகாத, கணுக்கால்வரை பிடிக்கும் பூட்ஸ் தனியாக வேண்டும். அதை ஸ்பெயின் முழுக்கச் சுமக்காதீர்கள், பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. காமினோ முடிந்து சந்தியாகோ போனபிறகு வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிய நாளிலிருந்தே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.