புதுப்பிப்பு: மகளுக்குக் குளிர்காலக் கோட் வாங்கியாச்சு

டொராண்டோவில் எங்களுக்கு இது முதல் குளிர்காலம். நான்கு வயது மகளுக்கு இறகு அடைத்த கோட் நல்லதா, செயற்கைப் பஞ்சு வைத்ததா என்று நவம்பரில் கேட்டிருந்தேன். பஞ்சு வைத்ததையே எடுத்தோம். இறகு நனைந்தால் சூடு போய்விடும்; இவளோ பனியில் புரளுகிறவள்.

நேற்று மைனஸ் 15. விளையாடிவிட்டு வந்தவளின் பிடரியில் கை வைத்துப் பார்த்தேன், கதகதவென்று இருந்தது. கோட் கையின் உள்பக்கம் மணிக்கட்டைப் பிடிக்கிற பின்னல் பட்டை இருக்கிறதே, அதுதான் பனியை உள்ளே விடவில்லை. கடையில் முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், காரில் ஏறும்போது கோட் வேண்டாம். தடிமனான கோட்டின் மேல் குழந்தை இருக்கையின் வார் உடம்போடு இறுகாது. மோதினால் பிள்ளை நழுவிவிடலாம். வாரை இறுக்கியபின் மேலே போர்த்திவிடுகிறோம். கழுத்தில் கயிறு வைத்ததையும் தவிர்த்துவிடுங்கள், சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும்.