பிஎம்டபிள்யூ ஜி20 3 சீரிஸ்: பழைய முகமா எல்சிஐயா, கொழும்பு ஆக்கள் என்ன சொல்லுறீங்க?

வெள்ளவத்தைக்காரன்:

கனநாளா சும்மா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்ப காசு போடவேண்டிய நேரம் வந்திட்டுது, அதான் கேக்கிறன். ரெண்டு கார் பாத்து வச்சிருக்கிறன், ரெண்டுமே 2019ல வெளியில வந்த 3 சீரிஸ் (ஜி20 எண்டுறது அதின்ர மொடல் கோட்), பிஎம்டபிள்யூ 320ஐ எம் ஸ்போர்ட். ஒண்டு 2019, பழைய முகம், இங்க புதுசா எடுத்தது, ஒரே ஓனர். மற்றது 2023, இங்கிலாந்தில ஓடினது, இறக்குமதி திறந்தாப்பிறகு வந்த எல்சிஐ, அதாவது பிஎம்டபிள்யூ இடையில முகம் மாத்தி விட்ட ஃபேஸ்லிஃப்ட். விலை வித்தியாசத்தைப் பற்றி வீட்டில நான் இன்னும் வாயே திறக்கேல்ல.

எல்சிஐயின்ர அந்த வளைஞ்ச ஸ்கிரீனைப் பாத்தா மனம் அங்கதான் போகுது, அது உண்மை. ஆனா ஓடிப் பாத்தா ரெண்டும் ஒரே கார் மாதிரித்தான் கிடக்கு, எனக்குத்தான் விளங்கேல்லையோ தெரியா. இந்த ஃபேஸ்லிஃப்ட்ல உண்மையா என்ன மாறினது, அந்தக் காசுக்குப் பெறுமதியோ? ஏசிக்கு பட்டன் இல்லாதது கொழும்பு வெக்கைக்குச் சரிவருமோ? வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. பென்ஸ் எடு எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தரும் வரவேண்டாம், பிளீஸ்.

கொட்டாஞ்சேனை ஆறு சிலிண்டர்:

ப்ரோ உங்களுக்கு நல்லாவே விளங்கியிருக்கு, ரெண்டும் ஒரே கார்தான். அதே பி48ங்கற ரெண்டு லிட்டர் டர்போ எஞ்சின், அதே 184 குதிரை சக்தி, அதே எட்டு கியர் ஆட்டோ. 2022 மே மாசம் எல்சிஐய காட்டினப்ப அவங்க கை வச்சது பெரும்பாலும் முகத்துலயும் டாஷ்போர்டுலயும்தான். ஹெட்லைட்டுக்கு கீழ ஒரு வெட்டு இருந்துச்சே அது போச்சு (எனக்கு அது பிடிக்கும், நிறைய பேருக்கு பிடிக்காது), பம்பர் மாறிச்சு, உள்ளுக்கு 12.3 இன்ச் மீட்டரும் 14.9 இன்ச் ஸ்கிரீனும் ஒரே கண்ணாடிக்குள்ள வந்துச்சு, ஐடிரைவ் 8ங்கற ஸ்கிரீன் சாஃப்ட்வேர் வந்துச்சு, கியர் லீவர் போய் விரலால தட்டுற ஒரு குட்டி சுவிட்ச். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா ஃபேஸ்லிஃப்ட்னா 2015ல எஃப்30க்கு (ஜி20க்கு முந்தின 3 சீரிஸ்) செஞ்சாங்களே, அதுதான். வெளிய பாத்தா லைட் மட்டும் மாறின மாதிரி இருக்கும், பானட்ட திறந்தா வேற கார். 328ஐ போய் 330ஐ, என்20 எஞ்சின் போய் பி48, 335ஐ இருந்த இடத்துல பி58ங்கற ஆறு சிலிண்டர் எஞ்சினோட 340ஐ. என்20ல டைமிங் செயின் கைட் தேஞ்சு உடையற கதை தெரியாத பீமர் (பிஎம்டபிள்யூ) ஆளே இருக்க மாட்டான், அந்த ஒண்ணுக்காகவே எஃப்30 வாங்குறவன் எல்சிஐயா பாத்து எடுக்கலாம். அப்ப வந்த 318ஐ கூட 1.5 லிட்டர் மூணு சிலிண்டர், 136 குதிரை, சிசி பாத்து வரி போடற நம்ம நாட்டுக்குன்னே செஞ்ச மாதிரி. மூணு சிலிண்டர்ல பீமரான்னு சிரிச்சவங்கள்ல சில பேர் இப்ப அதுலதான் ஆபீஸ் போறாங்க. ஜி20 எல்சிஐல எஞ்சின் பக்கம் அப்படி எதுவும் நடக்கல, அதனால மேல கொடுக்கற காசு கண்ணாடிக்கும் வருசத்துக்கும்தான் போகுது.

ஏசி விஷயத்துக்கு வர்றேன். மழை விட்ட கையோட விடியக்காலைல மரைன் டிரைவ்ல போறப்ப ஏசி கொஞ்சம் கூடிட்டா முன் கண்ணாடில வெளிப்பக்கம் பனி படியும் பாருங்க, அப்ப வைப்பர ஒரு தட்டு தட்டிட்டு ரெண்டு டிகிரி கூட்டணும். பழைய டாஷ்போர்டுல கை தானா அந்த பட்டனுக்கு போகும், கண் ரோட்டுலயே இருக்கும். எல்சிஐல டிஃப்ராஸ்ட் பட்டன விட்டு வச்சிருக்காங்க, ஆனா டிகிரியும் ஃபேனும் ஸ்கிரீன்லதான், பக்கத்துல முச்சக்கரவண்டிக்காரர் உள்ளுக்கு நுழையற நேரத்துல ஸ்கிரீன்ல விரல் வைக்க இடம் தேடிப் பாருங்க தெரியும். நான் 2019 பக்கம்.

நுகேகொட நைட் டிரைவ்:

அண்ணா அவர் எஞ்சினைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, ஆனா 2019 கார் எண்டா அது 2022ஐயும் தாண்டி வந்த கார் எண்டதை மறந்திட்டார். 2022ல பெற்றோலுக்குக் கியூல நிண்டதை எல்லாரும் மறந்தாச்சோ? கியூஆர் கோட்டா வந்தாப்பிறகும் காருக்கு கிழமைக்கு 20 லிட்டர். ரெண்டு மூண்டு வாகனம் வச்சிருந்த வீடுகள்ல பெரிய காரை போர்டிகோவில மூடி விட்டிட்டு சின்னக் காரில திரிஞ்சினம். மாசக்கணக்கா நிண்ட காரில பற்றறி போகும், ரயர் ஒரு பக்கம் தட்டையாகும், பிரேக் டிஸ்க்கில துரு பிடிக்கும். டொலர் ஏறின ஏத்தத்தில சர்வீசைத் தள்ளிப் போட்ட ஆக்களும் இருக்கினம். மைலேஜ் குறைவு எண்டு பெருமையாச் சொல்லுவினம், எனக்கெண்டா குறைஞ்ச மைலேஜ் தான் பயம். ரயர் பக்கத்தில நாலு இலக்கம் அடிச்சிருக்கும், 3519 எண்டா 2019ம் ஆண்டு 35ம் கிழமை செய்தது, அந்த ரயர் இன்னும் காரில கிடந்தா பட்டி எவ்வளவு நல்லாயிருந்தாலும் மாத்துற காசை விலையில குறைக்கச் சொல்லுங்கோ.

இன்னொண்டு. ஜி20 வெளியில வந்ததே 2019 மார்ச், நாங்கள் இறக்குமதியை மூடினது 2020 மார்ச், பிறகு திறந்தது 2025 பெப்ரவரி. அப்ப பழைய முகத்தோட இங்க வந்தது பெரும்பாலும் அந்த ஒரு வருசத்தில வந்ததுகள்தான். மூண்டு வருசத்துக்கு மேல பழசு இறக்கவும் ஏலாது, இனிக் கூடப்போறதும் இல்லை. அதனாலதான் 2019க்கும் நாக்கூசாமல் விலை சொல்லுறாங்கள். 180 சொச்சமா டொலர் இருந்த காலத்தில வந்த காரை 300 ரூபா டொலர் கணக்கில விக்கிறது கொஞ்சம் ஓவர் தானே. சுத்தி வைக்கிற ஐடிரைவ் கட்டை எல்சிஐயில அப்படியே இருக்கு, முழுக்கத் தொட்டுத் தொட்டு ஓடத் தேவையில்லை, ஸ்கிரீனும் பழகீடும். நான் எண்டா எல்சிஐ.

மருதானை பார்ட்ஸ்:

ரெண்டு பேரும் நல்லா செல்றீங்க, ஆனா காருக்கு கீழ படுத்துப் பாக்கச் செல்லி ஒருத்தரும் செல்லல்ல. இங்கிலாந்து கார்ண்டா முதல் வேலை டோர்ச் எடுத்துட்டு கீழ போறதுதான், அங்க பனிக்காலத்துல ரோட்டுக்கு உப்பு போடுவாங்க, சஸ்பென்ஷன் போல்ட், சப்ஃப்ரேம் ஓரம், பிரேக் பைப் கிளிப் இதுகள்ல துரு ஈக்குதாண்டு பாருங்க. மேல ஷோரூம் மாதிரி ஈக்கும், கீழ கதை வேற. சில யார்டுல கறுப்பு பெயின்ட் அடிச்சு மூடி வைப்பாங்க, புதுசா அடிச்ச பெயின்ட் நகத்தால சுரண்டினாலே தெரியும்.

எம்ஓடி (இங்கிலாந்துல வாகனத்துக்கு செய்ற கட்டாய டெஸ்ட்) ஹிஸ்டரி பாத்தோம் சுத்தமா ஈக்குண்டு செல்லி விப்பாங்க. அங்க காருக்கு முதல் எம்ஓடி மூணு வருசத்துலதான், மூணு வருசம் ஆகாத கார்ல அதுல என்ன ஈக்கப் போகுது? அதை விட ஐடிரைவ் மெனுவுல சர்வீஸ் ஹிஸ்டரி ஈக்குது, அதை தொறந்து காட்டச் செல்லுங்க. 2019 காருக்கும் அதே வேலைதான், 2022ல ஒண்ணுமே இல்லாம வெறுமையா ஈந்தா நுகேகொட தம்பி செல்ற, காரை மூடி நிப்பாட்டி வச்ச கதை அதுதான். எந்த கார்ண்டாலும் காலைல எஞ்சின் சூடாக முந்தி போங்க, கூலண்ட் டாங்கிய தொறந்து அளவு பாருங்க, ஒரு சுத்து ஓடிட்டு வந்து ஆறவிட்டு திரும்பவும் பாருங்க.

அப்பறம் 2019 எடுத்து எல்சிஐ முகம் மாத்திக்கலாம்ண்டு யாராச்சும் ஆசை காட்டினா எழும்பி வந்துடுங்க. லைட், பம்பர், கிரில் எல்லாம் சேத்து மாத்தி அதுக்கு மேல காரோட கம்ப்யூட்டர்ல கோடிங்கும் செய்யணும். பழைய லைட்டாவது பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடைகள்ல தேடினா கழட்டினது கிடைக்கும், எல்சிஐ லைட் உடைஞ்சா இப்போதைக்கு புதுசுதான், இன்சூரன்ஸ் எடுக்கக்குள்ள அதை கேட்டுக்கங்க.

வெள்ளவத்தைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. எண்டா நான் இப்ப 2019 பக்கம் சாஞ்சிட்டன், சனிக்கிழமை காலமை போய் அந்த சர்வீஸ் மெனுவையும் ரயரையும் பாக்கிறன், 2022 வெறுமையா இருந்தா திரும்பி வாறன். இதுக்கிடையில மச்சான் ஒருத்தன் கூப்பிட்டு 330ஈ, அந்த பிளக்கில சார்ஜ் போடுற ஹைபிரிட், எடுக்கச் சொல்லுறான், அதைப்பற்றி ஆராவது?

கொட்டாஞ்சேனை ஆறு சிலிண்டர்:

330ஈ நல்ல கார் ப்ரோ, கொஞ்ச நேரத்துக்கு கூடுதல் சக்தி குடுக்கற எக்ஸ்ட்ராபூஸ்ட் வந்தா 292 குதிரை, 320ஐ அதுக்கு கிட்ட நிக்காது. ஆனா பற்றறி பின்னால இருக்கறதால டிக்கி 480 லிட்டர்ல இருந்து 375க்கு இறங்கிடும், அதோட வீட்டுல சார்ஜ் போட இடம் வேணும். ஃபிளாட்ல இருக்கீங்கன்னா பார்க்கிங்ல பிளக் இல்லாம அத வாங்கி சும்மா பாரம் இழுக்காதீங்க. எடுக்கறதுன்னா 2024 மாத்தத்துக்கு அப்புறம் வந்ததுதான், பற்றறி 19.5 கிலோவாட் அவர், ஒரே சார்ஜ்ல 100 கிலோமீட்டர் கிட்டன்னு கம்பனி கணக்கு. இந்த ஜி20ல மாத்தம்னு சொல்லக்கூடிய மாத்தம் அது ஒண்ணுதான், பாருங்க அதுவும் ஸ்கிரீன் இல்ல.

வெள்ளவத்தைக்காரன்:

பிளக் இல்லை, அப்ப அது சரிவராது. கடைசியா ஒண்டு, எம் ஸ்போர்ட் 18 இன்ச்சுக்கு ரயர் சைஸ் என்ன, மாத்த வேண்டி வந்தா விலை விசாரிச்சு வைக்கோணும்.

மருதானை பார்ட்ஸ்:

முன்னுக்கு 225/45, பின்னுக்கு 255/40. சில கார்ல நாலும் 225 ஈக்கும், ரயர்லயே பாத்துக்கங்க. ரன்ஃபிளாட் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரயர்) ஈந்தா சாதாரண ரயருக்கு மாறலாம், ஓட்டம் மிருதுவா ஈக்கும், ஆனா ஸ்பெயர் வீல் இல்லாத கார், டிக்கில ஒரு பம்பும் பஞ்சர் கிட்டும் போட்டு வைங்க.